ஒரே எண்ணெயா?

மொன்றியலில் பிள்ளை வளர்த்த தமிழ்க் குடும்பம் எதுவும் லா ரோந்துக்குப் போகாமல் தப்பியிருக்க முடியாது. 1967 உலகக் கண்காட்சிக்காக செயின்ட் லோரன்ஸ் ஆற்றின் நடுவே, சென்த் எலேன் தீவின் நுனியில் அமைத்த கேளிக்கைப் பூங்கா அது. அந்தக் கண்காட்சிக்கு ஆறே மாதத்தில் ஐந்து கோடிப் பேர் வந்தார்கள் என்று பழைய ஆட்கள் இன்றைக்கும் பெருமை பேசுவார்கள். மண்டபங்களில் பெரும்பாலானவை போய்விட்டன, ராட்டினங்கள் மட்டும் தங்கிவிட்டன. 2001இல் சிக்ஸ் ஃப்ளாக்ஸ் என்ற அமெரிக்கக் கொம்பனி பூங்காவைப் பொறுப்பேற்றது. மெட்ரோவின் மஞ்சள் பாதையில் ஜோன் ட்ராப்போ நிலையத்தில் இறங்கி 767ஆம் இலக்க பஸ் எடுத்தால் வாசலில் கொண்டுபோய் விடும். ஜூன் மாதம் பள்ளிக்கூடம் முடிகிற வாரங்களில் அந்த பஸ்ஸுக்குள் வெயிலுக்குப் பூசும் கிறீமின் மணம் மூச்சை அடைக்கும்.

அங்கே போய் வந்தவர்கள் ‘ல மோன்ஸ்த்ர்’ என்ற மர ரோலர் கோஸ்டரைப் பற்றிச் சொல்வார்கள். 1985இல் கட்டியது, நாற்பது மீற்றர் உயரம், ஓடும்போது பலகைகள் எல்லாம் முனகும். அல்லது 2006இல் வந்த கோலியாத்தைப் பற்றிச் சொல்வார்கள். என்னிடம் கேட்டால் நான் உருளைக்கிழங்குப் பொரியலைப் பற்றித்தான் சொல்வேன். அது எந்த எண்ணெயில் பொரிந்தது, அந்த எண்ணெயில் அதற்கு முன் என்ன பொரிந்தது, சொன்னவருக்கு அது உண்மையில் தெரியுமா, அல்லது வரிசை நீளுகிறதே என்று தலையாட்டினாரா.

என் மகளுக்குச் செலியாக் நோய். கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் உள்ள குளூட்டன் என்ற புரதம் உள்ளே போனால் உடம்பின் எதிர்ப்புச் சக்தி தன் சொந்தச் சிறுகுடலையே தாக்கும். குடலின் உட்சுவரில் உணவை உறிஞ்சும் நுண்ணிய விரல்கள் தேய்ந்து தட்டையாகும். மருந்து கிடையாது. வாழ்நாள் முழுக்க அந்தப் புரதத்தைத் தொடாமல் இருப்பது ஒன்றுதான் வைத்தியம். எவ்வளவு தொடாமல் என்பதில்தான் எல்லாச் சிக்கலும். கனடாவில் ஒரு பொருளைக் குளூட்டன் இல்லாதது என்று விற்க வேண்டுமானால் ஒரு கிலோவில் 20 மில்லிகிராமுக்கு மேல் அது இருக்கக் கூடாது. ஒரு நாளைக்கு 50 மில்லிகிராம் வீதம் மூன்று மாதம் போனாலே குடல் கெடுகிறது என்று 2007இல் வந்த இத்தாலிய ஆய்வு ஒன்று காட்டியது. ஒரு துண்டுப் பாணில் அதைப்போலப் பல பத்து மடங்கு இருக்கிறது. பாண் தூள் பட்ட கத்தியும் கணக்கில் வரும்.

இதையெல்லாம் வைத்தியர் விளங்கப்படுத்தியபோது என் மனைவி பயந்தாள். நானும் பயந்தேன், ஆனால் என் பயம் வேறு. எனக்கு உணவகக் குசினி தெரியும்.

நான் 1987இல் மிராபெல் விமான நிலையத்தில் வந்து இறங்கியவன். அதற்கு முந்தின ஆண்டு ஆகஸ்டில் நியூஃபவுண்ட்லாந்துக்கு அப்பால் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் 155 தமிழர் மூடுபனிக்குள் மிதந்துகொண்டிருந்தார்கள். ஊர் மீனவர்கள் அவர்களை ஏற்றிக் கரை சேர்த்த செய்தி அப்போதும் ஆறவில்லை. வந்த கிழமையே சென் தெனி வீதியில் ஒரு உணவகத்தின் நிலக்கீழ் அறையில் கோப்பை கழுவ நின்றேன். எங்கள் ஆட்கள் இந்த நகரத்தின் குசினிகளை எப்படி நிரப்பினார்கள் என்பதை யாராவது தனியாக எழுத வேண்டும். பிரெஞ்சுக் கடையோ கிரேக்கக் கடையோ இத்தாலியக் கடையோ, பின்கதவைத் தட்டினால் “ஓம், ஆர்?” என்று ஒரு குரல் வரும். கோப்பையிலிருந்து மரக்கறி வெட்டுவதற்கும், மரக்கறியிலிருந்து பொரிக்கும் இடத்துக்கும் ஏறினேன். பொரிக்கும் இடத்தில் நெடுங்காலம் நின்றேன்.

இரவு கடை பூட்டுகிற நேரம் ஃப்ரையரின் அடிக்குழாயைத் திறந்து எண்ணெயை வடிப்போம். எண்ணெய் இறங்கி முடிந்ததும் அடியில் கரும்பழுப்பாக ஒரு படிவு கிடக்கும். வெங்காய வளையம், ரொட்டித்தூள் தடவிய கோழி, மீன், போகோ எல்லாவற்றிலிருந்தும் உதிர்ந்த மா. குச்சியில் குத்திய சொசேஜை மாவில் தோய்த்துப் பொரிப்பதற்குக் கெபெக்கில் போகோ என்று பெயர், பிள்ளைகளுக்கு உயிர். நீளக் கரண்டியால் வழித்தால் அந்தப் படிவு ஈரமணல் போலத் திரண்டு வரும். அதற்கு மேலே நாள் முழுக்கக் கொதித்த எண்ணெயில்தான் உருளைக்கிழங்கும் பொரியும். உருளைக்கிழங்கில் குளூட்டன் இல்லை என்பது பாடப்புத்தகத்துக்குச் சரி. 180 பாகை எண்ணெய் கிருமியைக் கொல்லும், புரதத்தை மாயமாக்காது. போதாததற்கு, உறைய வைத்து வரும் சில உருளைக்கிழங்குத் துண்டுகளுக்கு மொறுமொறுப்பு நிற்பதற்காகக் கோதுமை மாவை மெல்லிதாகப் பூசியிருப்பார்கள். பெட்டியின் பக்கத்தில் சின்ன எழுத்தில் இருக்கும். பெட்டியை யார் படிக்கிறார்கள்?

பூட்டீன் என்ற உருளைக்கிழங்குப் பொரியல் உணவுக்கு ஊற்றும் மண்ணிறச் சோஸ் வாளியில் தூளாக வந்து இறங்கும். கொதிதண்ணீரில் கொட்டி அடித்தால் சோஸ். அந்த வாளியின் லேபிளில் இரண்டாவது சொல் ‘ஃபரீன் த ப்ளே’, கோதுமை மா. என் பிரெஞ்சின் முதல் பாடங்கள் வாளிகளிலும் பெட்டிகளிலும் இருந்தன. அந்தப் படிப்பு பின்னாளில் எதற்கு உதவப் போகிறது என்று அப்போது தெரிந்திருக்க நியாயமில்லை.

மகளுக்கு நோய் தெரிந்தது 2005இல், அவளுக்கு ஒன்பது வயது. வகுப்பில் ஆகச் சின்னவள். இரத்தத்தில் இரும்புச் சத்து ஏறவே ஏறாது, குளிசை கொடுத்துக் கொடுத்து அலுத்துப்போனோம். இங்கே வெள்ளைக்காரப் பிள்ளை இப்படி இருந்தால் இந்தச் சோதனையை முதலில் செய்திருப்பார்கள். எங்களைப் பார்த்த ஒரு வைத்தியர், “நீங்கள் சோறு சாப்பிடுகிற ஆட்கள்தானே” என்று அதை ஒதுக்கிவிட்டார். இன்னொருவர்தான் இரத்தப் பரிசோதனைக்கு எழுதினார். அது கூடுதலாகக் காட்டியதும் குடலிலிருந்து ஒரு துணுக்கு எடுத்துப் பார்க்க நாள் குறித்தார்கள். அதுவரை பாண் சாப்பிடுவதை நிறுத்தக் கூடாது, நிறுத்தினால் குடல் ஆறத் தொடங்கிச் சோதனை பிழைத்துவிடும் என்றார்கள். பிள்ளைக்கு நஞ்சு என்று கிட்டத்தட்டத் தெரிந்த பிறகு, காலையில் அதையே பட்டர் பூசிக் கொடுத்தோம். மனைவி பட்டர் பூசுவாள், நான் கொண்டுபோய் வைப்பேன். ஒருவர் மட்டும் முழுதாகச் செய்ய முடியவில்லை.

அந்த முதல் வைத்தியர் சொன்னதில் ஒரு நியாயம் இருக்கிறது, அதையும் சொல்லவேண்டும். தென்னிந்தியாவில் இந்த நோய் குறைவு. டில்லிப் பக்கமும் வேலூர்ப் பக்கமும் அசாமிலும் ஆட்களைப் பரிசோதித்து 2016இல் வெளியிட்ட ஆய்வில், வடக்கே நூற்றுக்கு 1.23 பேர், தெற்கே 0.10 பேர். இந்த நோய்க்கு இடம் கொடுக்கும் மரபணு இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் இருந்தது. வித்தியாசம் தட்டில். வடக்கில் சப்பாத்தி, தெற்கில் சோறு.

ஆனால் யாழ்ப்பாணத்துத் தட்டில் வெறும் சோறு என்று யார் சொன்னது? கோதுமை ஒரு கதிர்கூட விளையாத ஊரில் காலையில் பாண், பின்னேரம் பணிஸ், இரவில் அவித்த கோதுமை மாவில் புட்டு அல்லது இடியப்பம். அமெரிக்க உதவியாக வந்த மா, பிறகு 1980இல் திருகோணமலையில் தொடங்கிய பிரிமா ஆலையின் மா. அதைத் துணியில் கட்டி நீராவியில் அவித்து, அரித்து, பேணிக்குள் போட்டு வைக்காத வீடு கிடையாது. 1973, 74இல் சிறிமா அம்மையாரின் ஆட்சியில் தட்டுப்பாடு வந்தபோது, விடிய முன்னமே சங்கக் கடை வாசலில் பாணுக்கு வரிசையில் நின்றவர்களில் நானும் ஒருவன். பாண் கிடைக்காத நாளில் அம்மா ஒடியல் மாவில் புட்டு அவிப்பார். நாங்கள் முகம் சுளிப்போம். பனங்கிழங்கைக் காயவைத்து இடித்த அந்த மாவுக்கு இன்று நான் பாக் ஏவெனியூக் கடையில் கொடுக்கும் விலையைக் கேட்டால் அம்மா சிரித்திருப்பார்.

பாணும் பஞ்சமும் பற்றி இன்னொன்று. இந்த நோய்க்கும் கோதுமைக்கும் உள்ள தொடர்பைக் கண்டுபிடித்தவர் வில்லெம் டிக்கே என்ற டச்சுக் குழந்தை வைத்தியர். அதற்கு முன் அமெரிக்காவில் சிட்னி ஹாஸ் என்பவர் 1924 தொடக்கம் இந்தப் பிள்ளைகளுக்கு வாழைப்பழமாகக் கொடுத்துக் காப்பாற்றி வந்தார், ஏன் காப்பாற்றுகிறது என்று தெரியாமலே. டிக்கேக்குச் சந்தேகம் போர்க்காலத்துக்கு முன்பே இருந்தது. 1944-45 குளிர்காலத்தில் ஜெர்மன் படைகள் நெதர்லாந்தின் மேற்குப் பகுதிக்கு உணவு போகாமல் மறித்தன. சனம் துலிப் கிழங்கை அவித்துத் தின்றது. ஊரெல்லாம் மெலிய, டிக்கேயின் செலியாக் பிள்ளைகள் மோசமாகவில்லை. பாண் திரும்பி வந்ததும் நோயும் திரும்பி வந்தது. 1950இல் அதை ஆய்வேடாக எழுதினார். என் மனைவியிடம் இதைச் சொன்னபோது அவள், “அப்ப நாங்கள் அந்த வரிசையில நிண்டதே பிழையோ?” என்றாள்.

வீட்டைத் துப்புரவாக்குவது எளிதாக இருந்தது. தோசைக் கல், அரிதட்டு, மரக்கரண்டி எல்லாம் புதிது. சோயா சோஸ் போத்தல் போனது, அதில் கோதுமை உண்டு. பெருங்காயம் போனது. இது பலருக்குத் தெரியாது, கடையில் விற்கும் கூட்டுப் பெருங்காயத் தூளில் உண்மையான பிசின் கொஞ்சம்தான், மிச்சம் மா, பெரும்பாலும் கோதுமை மா. ரசம், சாம்பார், புளிச்சாதம் எல்லாம் அதோடு சந்தேகத்துக்குரியவையாகிவிட்டன. டொலார் தெ ஸோர்மோ முருகன் கோயிலுக்குப் போனால் மகளுக்கு வாழைப்பழமும் தேங்காய்ச் சொட்டும் மட்டும். திருவிழாவுக்குக் கச்சானும் தும்பு முட்டாஸும் கிடைத்தால் அது அவளுக்கு விருந்து.

கடினமாக இருந்தது உறவுக்காரர் வீடு. மனைவியின் தமக்கை பாக் எக்ஸ்டென்ஷனில் எங்களுக்கு இரண்டு தெரு தள்ளி இருந்தார். மகளைத் தூக்கி வளர்த்த பெரியம்மா. அவர் கையால் புட்டு வாங்கிச் சாப்பிடாமல் அந்தப் பிள்ளைக்குச் சனிக்கிழமை கிடையாது.

“அக்கா, இதில கோதுமை இருக்கோ?” என்று மனைவி கேட்பாள்.

“உதில ஒரு கோதுமையும் இல்லை. சுத்த அரிசிமாப் புட்டு.”

“ஒண்டும் கலக்கேல்லையோ?”

“கட்டி படாமல் இருக்க ஒரு கை அவிச்ச மா போட்டனான். ஒரு கைதானே, அது என்ன செய்யும்? நீ பிள்ளையைப் பயப்பிடுத்தாதை.”

அந்த ஒரு கைக்காக மகள் இரண்டு நாள் படுத்தாள். பெரியம்மா கந்தசஷ்டிக்கு நேர்த்தி வைத்தார். புட்டின் மீது அவருக்குச் சந்தேகமே வரவில்லை, ஊர்க் கண் பட்டுவிட்டது என்றார். அவரிடம் மேலும் கேட்பது அவருடைய அன்பைச் சோதனைக்கூடத்துக்கு அனுப்புவது மாதிரியாகிவிடும் என்பதால் யாரும் கேட்கவில்லை. மகள் சனிக்கிழமைகளில் போவதைக் குறைத்துக்கொண்டாள். பெரியம்மா அதை வேறு விதமாக எடுத்துக்கொண்டார்.

இந்த நிலையில்தான் 2006 ஜூன் வந்தது. கோலியாத் புதிதாகத் திறந்திருந்தது, ஐம்பது மீற்றருக்கு மேல் உயரம். வகுப்போடு லா ரோந்துக்குப் பயணம். கூடவரும் பெற்றோர் தேவை என்று பள்ளிக்கூடத்திலிருந்து கடிதம் வந்ததும் வேலையில் லீவு சொல்லிவிட்டுப் பெயர் கொடுத்தேன். மற்றப் பெற்றோர் ஏதோ விளையாட வருகிற மாதிரி வந்தார்கள். நான் சோறும் பருப்பும் உருளைக்கிழங்குப் பிரட்டலும் ஒரு ஃபிளாஸ்கில், குரக்கன் ரொட்டி அலுமினியத் தாளில், எல்லாம் குளிர்ப்பையில் கட்டிக்கொண்டு போனேன். வெளிச் சாப்பாடு உள்ளே விடமாட்டார்கள், ஆனால் உணவு ஒவ்வாமை என்று சொன்னால் விடுவார்கள். வாசலில் பையைத் திறந்து பார்த்த பெண்ணிடம் மகளே சொன்னாள், “மலதி செலியாக்.” அவள் பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்துப் பிள்ளை, உச்சரிப்பில் என்னை விட எவ்வளவோ மேல். அந்தப் பெண் ஃபிளாஸ்கைத் திறக்கக்கூட இல்லை, கையை அசைத்து உள்ளே விட்டாள்.

மத்தியானம் பிள்ளைகள் எல்லாம் மேசையில் பூட்டீனும் போகோவுமாக இருக்க, மகள் சோற்றை ஒழுங்காகச் சாப்பிட்டாள். குறை சொல்லவில்லை. சாப்பிட்டு முடிந்த பிறகு மெதுவாகக் கேட்டாள், “அப்பா, வெறும் ஃப்ரீட் மட்டும் கேட்டுப் பார்ப்பமோ? சோஸ் இல்லாமல்?” ஃப்ரீட் என்றால் உருளைக்கிழங்குப் பொரியல்.

வரிசையில் நின்றோம். கடையில் நின்றவன் பதினாறு பதினேழு வயதுப் பையன், முகமெல்லாம் பரு, தொப்பி வியர்வையில் நனைந்திருந்தது. மகள் எட்டி நின்று கேட்டாள்: “செ லா மேம் ஃப்ரித்தூஸ்?” ஒரே எண்ணெயா?

பின்னால் வரிசை. அவன் ஓம் என்று சொல்லியிருக்கலாம், இல்லை என்று சொல்லியிருக்கலாம், எதைச் சொன்னாலும் அவனுக்கு ஒன்றும் ஆகாது. அவன், “எனக்குத் தெரியாது. பொறுங்கள்” என்றான். வரிசையை அப்படியே விட்டுவிட்டு உள்ளே போனான். மேற்பார்வையாளர் பெண் ஒருத்தி உறைந்த உருளைக்கிழங்கு வந்த அட்டைப் பெட்டியையே கையில் தூக்கிக்கொண்டு வந்து, உட்பொருள் பட்டியலை மகளுக்கு நேரே திருப்பிப் பிடித்தாள். “கிழங்கு பரவாயில்லை. ஆனால் எண்ணெயில் போகோவும் போடுகிறோம். உன் இடத்தில் நான் என்றால் சாப்பிடமாட்டேன்.” பிறகு ஒரு ஐஸ் பழத்தை எடுத்து, அதன் உறையையும் படித்துக் காட்டி, காசு வாங்காமல் கொடுத்தாள்.

அன்று மகளுக்கு ஃப்ரீட் கிடைக்கவில்லை. எனக்கு அது பெரிய நாள். ஃப்ரையர் முன்னால் அத்தனை வருடம் நின்றவன் சொல்கிறேன், குசினியில் ஆகக் குறைவாகச் சொல்லப்படும் பதில் “தெரியாது” என்பதுதான். தெரியாது என்றால் முதலாளி முறைப்பார், வாடிக்கையாளர் கத்துவார். அந்தப் பருமுகப் பையனுக்கு யார் அதைச் சொல்லப் பழக்கினார்களோ. அன்றையிலிருந்து எந்தக் கடையிலும் உடனே “ஓம் ஓம்” என்பவரிடம் வாங்குவதில்லை, போய்க் கேட்டு வருபவரிடம் வாங்குவோம் என்று எங்களுக்குள் ஒரு விதி வந்தது.

அந்த விதியை மீறச் சொன்ன இடமும் உண்டு. மொன்றியலுக்கு வெளியே ஒரு நீர்விளையாட்டுப் பூங்கா, பெயர் வேண்டாம். பலகையில் பெரிதாக ‘சான் க்ளூட்டென்’ என்று எழுதி, பக்கத்தில் கோதுமைக் கதிரைக் கீறி அதன் மேல் குறுக்குக்கோடு போட்டிருந்தார்கள். கேட்டதற்கு, தனியான பண் இருக்கிறது என்றார்கள். பண்ணும் தனியானதுதான், உறையோடு காட்டினார்கள். அதை வாட்டிய இயந்திரம் எல்லோருக்கும் பொது. மகள் அலையடிக்கும் குளத்தின் ஓரத்தில் வாந்தி எடுத்தபோது முதலுதவிக்கு வந்தவர் வெயில் என்றார். எழுதிக் கேட்ட கடிதத்துக்கு ஒரு இலவசக் கூப்பன் வந்தது, அதே கடையில் சாப்பிட.

ஒர்லாண்டோவைப் பற்றி எங்கள் ஆட்கள் கேட்டால் நான் அளந்து சொல்வதில்லை, புகழ்ந்தே சொல்வேன். மொன்றியலிலிருந்து காரில் இரண்டாயிரம் கிலோமீற்றருக்கு மேல், குளிர்கால விடுமுறையில் பனியிலிருந்து கிளம்பி வெயிலுக்குப் போவது கெபெக்காரரின் வழக்கம், எங்களுக்கும் தொற்றிக்கொண்டது. டிஸ்னி உலகத்தில் இருந்து சாப்பிடும் உணவகத்தில் ஒவ்வாமை என்று சொன்னதும் பரிமாறுபவர் போய்விட்டார், வெள்ளை உடுப்போடு செஃப் வந்தார். மகளின் கதிரைக்குப் பக்கத்தில் குந்தியிருந்து அவளோடு கதைத்தார். என்னென்ன பிடிக்கும், என்ன செய்து தரலாம், எந்தச் சட்டி, எந்த எண்ணெய். கையுறை மாற்றுவதைப் பற்றி நான் கேட்க வாய் திறக்குமுன் அவரே சொன்னார். அடுத்த நாள் காலையில் மிக்கி எலியின் முகம் பதித்த வாஃபிள், அரிசிமாவில் செய்தது, தனித் தட்டில் வந்தது. மகள் அதன் காதைப் பிய்த்து எனக்குத் தந்தாள், நான் வேண்டாம் என்றேன், முழுதையும் அவளே சாப்பிடட்டும் என்று. அங்கேயுள்ள டிஸ்னி ஸ்பிரிங்ஸ் கடைத்தெருவில் எரின் மக்கென்னா என்பவரின் பேக்கரி இருக்கிறது. கேக்கும் டோனட்டுமாக எல்லாம் குளூட்டன் இல்லாதவை. ஒரு கண்ணாடி அலுமாரி முழுவதையும் காட்டி, “இதில எது வேணுமெண்டாலும் எடு” என்று மகளுக்கு நான் சொன்ன முதல் கடை அது.

இதெல்லாம் வழக்குக்குப் பயந்து செய்வது என்று என் நண்பர் ஒருவர் சொல்வார், ரொறன்ரோவில் சட்டத்தரணி. இருக்கட்டுமே. சட்டத்துக்குப் பயந்து கழுவிய சட்டியும் கழுவிய சட்டிதான். காசைப் பற்றி முணுமுணுக்கலாம், அது வேறு. ஒரு குடும்பம் அந்தப் பூங்காவுக்குள் நடந்தாலே பை கரையும்.

கனடாவில் 2012 ஆகஸ்டில் புதிய லேபிள் விதிகள் நடைமுறைக்கு வந்தன. பெட்டியில் அடைத்து விற்கும் உணவில் குளூட்டன் எங்கிருந்து வருகிறது என்பதை அந்தத் தானியத்தின் பெயராலேயே சொல்ல வேண்டும். ‘மசாலா’, ‘மாப்பொருள்’ என்று மழுப்ப முடியாது. கடைத்தட்டுகளுக்கு முன்னால் நின்று நாங்கள் செலவழித்த நேரம் பாதியாகக் குறைந்தது. உணவகத் தட்டுக்கு அப்படி ஒரு பட்டியல் போடவேண்டும் என்று அந்த விதி சொல்லவில்லை, அங்கே இன்னமும் கேள்விதான். வருமான வரியில் ஒரு சலுகை உண்டு, சாதாரணப் பாணுக்கும் குளூட்டன் இல்லாத பாணுக்கும் உள்ள விலை வித்தியாசத்தை மருத்துவச் செலவாகக் காட்டலாம். அதற்காக மனைவி சப்பாத்துப் பெட்டியில் ரசீது சேர்த்தாள். ஒவ்வொரு பங்குனியிலும் குசினி மேசையில் அதைக் கொட்டி இருவரும் கணக்குப் பார்த்தால், வருகிற காசை விடச் சண்டை பெரிதாக இருக்கும்.

பெரியம்மாவைப் பிறகு ஒரு கோடையில் லா ரோந்துக்குக் கூட்டிக்கொண்டு போனோம். ராட்டினத்துக்கு அல்ல, வாணவேடிக்கைக்கு. 1985இலிருந்து அநேகமாகக் கோடைதோறும் அங்கே நாடுகளுக்கிடையே வாணவேடிக்கைப் போட்டி நடந்து வந்திருக்கிறது. அந்த இரவுகளில் ஜாக் கார்ட்டியே பாலத்தில் வாகனத்தை நிறுத்திவிட்டுச் சனத்தை நடக்க விடுவார்கள், காசில்லாமல் அங்கிருந்தே பார்க்கலாம். பெரியம்மா கால் வலி என்றபடியால் உள்ளே இருந்து பார்க்க டிக்கெட் எடுத்தோம். மகள் அப்போது உயர்கல்லூரி மாணவி. பசிக்கிறது என்று ஒரு கடைக்குப் போய் வழக்கமான விசாரணையைத் தொடங்கினாள். பெரியம்மா பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். பிரெஞ்சு அவருக்கு விளங்காது. கடைக்காரப் பெண் உள்ளே போனதும், ஒரு கோப்பு கொண்டுவந்ததும், பக்கம் பக்கமாக விரலை வைத்துப் படித்ததும், இன்னொருவரைக் கூப்பிட்டதும் விளங்கியது.

“இந்தப் பெட்டைக்கு எங்கட பிள்ளையை ஆரெண்டு தெரியுமோ?” என்று என்னிடம் கேட்டார்.

“தெரியாது, அக்கா.”

“பிறகேன் இவ்வளவு மினக்கெடுகுது?”

“கேட்டால் சொல்லவேணும் எண்டு அவைக்குப் பழக்கியிருக்கினம்.”

அவர் பதில் சொல்லவில்லை. மகள் சோளப்பொரிப் பையோடு திரும்பி வந்தபோது, “அதில எழுதிக் கிடக்கிறதை எனக்கும் வாசி” என்றார். மகள் சோளம், எண்ணெய், உப்பு என்று வாசித்தாள். “உப்பு என்ன உப்பு?” என்று பெரியம்மா கேட்டது பகிடிக்கா உண்மையாகவா என்று எங்களுக்குத் தெரியவில்லை.

மகள் இப்போது தன் பாட்டில் தனியே இருக்கிறாள், வேர்டன் பக்கம். போன ஆடிப்பிறப்புக்குப் பெரியம்மா அவளைக் கூழுக்குக் கூப்பிட்டார். எழுபது தாண்டிய பிறகும் கூழும் கொழுக்கட்டையும் அவர் வீட்டில்தான். காலை ஏழு மணிக்கே எங்கள் குடும்ப வாட்ஸ்அப்பில் படங்கள் வரத் தொடங்கின. பாசிப்பயறு, முன்பக்கமும் பின்பக்கமும். பனங்கட்டி, தேங்காய்ப்பால் ரின், ஏலக்காய். உப்புப் பைக்கற்றும் வந்தது. தேங்காயையும் உடைக்குமுன் படம் எடுத்து அனுப்பியிருந்தார், அதில் லேபிள் இல்லை என்பதைக் காட்டவோ என்னவோ. கடைசியாக அரிசிமாப் பை, ஒரு மூலையில் பேனாவால் வட்டம் போட்டு. அதோடு ஒரு குரற்பதிவு:

“பிள்ளை, இந்தப் பைக்கற்றில கோதுமையும் இருக்கலாமெண்டு சின்ன எழுத்தில போட்டிருக்கு. பக்கத்து வீட்டுப் பெடியனைக் கொண்டு வாசிப்பிச்சனான். உது வேண்டாம், நான் வேற மா வாங்கப் போறன், இல்லையெண்டால் பச்சையரிசி ஊறப்போட்டு இடிக்கிறன். நீ மத்தியானம் வராதை. பின்னேரம் வா.”